சர்வருக்குப் பதினேழு, மாமாவுக்கு இரண்டு சொட்டு

ஒரு குறிப்பின் இரண்டு வரிகளில் ஒன்றை மட்டும் படித்ததால், நல்ல கண்ணோடு இருந்த மனிதரை அரை நாளைக்குக் கண் தெரியாமல் ஆக்கியவன் நான். அப்போது எனக்கு வயது இருபத்து மூன்று. தலைக்கனத்துக்கு அறுபது இருக்கும்.

உழவர்கரையில் ஒரு கண் மருத்துவமனை. அங்கே டோக்கன் போடும் மென்பொருளைப் புதுப்பிக்க எங்கள் கம்பெனி என்னை அனுப்பியது. உள்ளறையில் ஒரு சர்வர், வரவேற்பில் மூன்று கணினிகள். எல்லாமே ஜாவா என்ற அடிப்படை மென்பொருள் இருந்தால்தான் ஓடும். 'சர்வருக்கு ஜாவா பதினேழாம் பதிப்பு தேவை' என்றது உடன் வந்த குறிப்பின் முதல் வரி. அதற்குமேல் படிப்பது என் அறிவுக்கு அவமானம் அல்லவா? நான்கிலும் இருந்த ஜாவா எட்டைத் தூக்கி எறிந்துவிட்டுப் பதினேழைப் போட்டேன். ஓட்டிப் பார்க்கக்கூட இல்லை.

"தம்பி, நல்லாத்தானே ஓடிட்டு இருந்துச்சு? ஏன் நோண்டுற?" என்றார் வரவேற்பில் இருந்த பிலோமினா அக்கா.

"பழசுக்கா. குப்பை," என்றேன். (அந்த வாயை அப்போதே தைத்திருக்க வேண்டும்.)

மறுநாள் காலை கூடம் நிரம்பி வழிந்தது. மூன்று கணினியிலும் டோக்கன் வரவில்லை. அக்கா பெயர்களைத் தாளில் எழுதி என் கையில் திணித்தார். "நீயே கூப்புடு."

நான் போனில் விடை தேடியபடி, தலை நிமிராமல் "சேவியர்!" என்று கத்தினேன். அந்த நோயாளி டீ குடிக்கப் போயிருந்தார். வேறொருவர் வந்து "என்னடா?" என்றார்.

"பேசாம அந்த பெஞ்ச்ல போய் உக்காருங்க சார்."

உட்கார்ந்தார். நர்ஸ் இரு கண்ணிலும் பாவையை விரித்து, சில மணி நேரம் பார்வையை மங்கலாக்கும் மருந்தை விட்டார்.

அதற்குள் மென்பொருளை எழுதியவர் போனில் கிடைத்தார். "சர்வருக்குத்தான் சார் பதினேழு. கவுன்டர் புரோகிராமுக்கு எட்டுதான் ஒத்துவரும். ரெண்டாவது வரியிலயே போட்டிருக்கோமே?"

வரவேற்புக் கணினிகளில் எட்டைத் திரும்பப் போட்டேன். பத்தே நிமிடத்தில் டோக்கன் வந்தது. அப்போதுதான் நிமிர்ந்து பெஞ்சைப் பார்த்தேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு இருந்தவர் என் தாய்மாமா சேவியர். பிள்ளைச்சாவடியிலிருந்து அத்தையைக் கண் காட்ட ஸ்கூட்டரில் அழைத்து வந்தவர்.

"ஏன் மாமா சொல்லல?"

"நீதானடா கூப்ட்ட! படிச்ச புள்ள, ஓசியில பாக்க வைக்கிறான்னு உக்காந்தேன்."

அத்தைக்கும் மருந்து விட்டாயிற்று. "இப்ப யாரு யாரக் கூட்டிட்டுப் போறது?" என்று அத்தை போட்ட சத்தத்தில் கூடமே திரும்பியது. மருந்து விட்டிருந்ததால் பாதிப் பேருக்கு என் முகம் தெரியாதது மட்டுமே எனக்கு ஆறுதல். இருவரையும் ஆட்டோவில் ஏற்றிவிட்டு, மாமாவின் ஸ்கூட்டரில் பின்னாலேயே போனேன்.

இன்றும் நான் போய்க் குரல் கொடுத்தால், மாமா ஒரு கையால் இரு கண்ணையும் பொத்திக்கொண்டுதான் கதவைத் திறக்கிறார். கல்யாணமாகி வந்த என் மனைவிக்கும் அத்தை அதைப் பழக்கிவிட்டார்.