அரை விரல் தள்ளி வைத்த சிவப்புக் குறி

பொறாமை என்றால் என்னவென்றே தெரியாது என்று சொல்கிறவர்கள் என் பக்கத்தில் உட்கார வேண்டாம். எனக்கு நன்றாகத் தெரியும். சொந்த மைத்துனன் மேல், அதுவும் என் வீட்டிலேயே தங்கி என் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டிருந்தவன் மேல், மூன்று மாதம் ஓய்வில்லாமல் பொறாமைப்பட்டவன் நான். அதன் பலனாக ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆவடியிலிருந்து பட்டாளமே கிளம்பி வந்தது. (மிகைப்படுத்தவில்லை. நான்கு லாரிகள். அதில் ஒன்றில் நானும் இருந்தேன்.)

அது யுத்த காலம். ஜப்பான்காரன் எந்த நேரமும் தலைக்கு மேல் வந்துவிடுவான் என்று பட்டணத்து ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஓடிய நாட்கள். எங்கள் அம்பத்தூரிலும் ஏ.ஆர்.பி. என்று ஒரு தொண்டர் படையை வைத்தார்கள். சங்கு ஊதுவது, ஜனங்களைப் பதுங்கு குழியில் இறக்குவது, அடிபட்டவர்களைத் தூக்குவது எல்லாம் அதன் வேலை. பள்ளிக்கூடத்தில் ஓர் அறைதான் அலுவலகம். ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் ஒருவர் தலைவர். வார்டன் ஐயா என்போம். நான் அரிசி ஆலையில் மேஸ்திரி. ஆலை வேலை போக மற்ற நேரத்தில் படையின் தூதன். எங்காவது குண்டு விழுந்தால் வார்டன் ஐயா எழுதிக் கொடுக்கும் சீட்டைச் சைக்கிளில் எடுத்துக்கொண்டு பூந்தமல்லிக்குப் பறக்க வேண்டும். ஆம்புலன்ஸ் வண்டிகள் அங்கேதான் நின்றன.

குண்டு ஒன்றும் விழவில்லை. ஆனாலும் இரும்புத் தொப்பியும் கைப்பட்டையும் மாட்டிக்கொண்டு நான் மணி அடித்தால் மாட்டு வண்டிகள் ஒதுங்கின. "தூதர் போறாரு" என்று டீக்கடையில் எழுந்து நிற்பார்கள். (இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் பெஞ்சை நகர்த்துவதற்காக எழுந்தவர்.)

இந்தச் சாம்ராஜ்யத்துக்குள் ஏகாம்பரம் வந்தான். என் மனைவி கன்னியம்மாவின் தம்பி. இருபது வயது. பட்டணத்தில் வயர்லெஸ் படித்தவன். ஏ.ஆர்.பி.க்கு ஒரு வயர்லெஸ் பெட்டி வந்தது. அதை இயக்க இவனும் வந்தான். தங்குவதற்கு அக்கா வீடு.

முதல் நாள் சாப்பாட்டிலேயே ஆரம்பித்துவிட்டது.

"ஏண்டா ஏகா, அந்தப் பொட்டில பேசுனா பூந்தமல்லில கேக்குமா?" என்றாள் கன்னியம்மா.

"பூந்தமல்லி இன்னாக்கா, காத்து நல்லா இருந்தா காஞ்சிபுரத்துல கேக்கும்."

"நான் கத்துனா கூடத்தான் கொரட்டூர்ல கேக்கும்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. கொரட்டூர் ஏரி விரால் அன்றைக்குக் குழம்பில். நடுத்துண்டு அவன் தட்டில் விழுந்தது. எனக்கு வால். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அந்த வீட்டில் நடுத்துண்டு திசைமாறியது அதுதான் முதல் தடவை.

அதன் பிறகு ஊரே அவனுடையதாகிவிட்டது. அவன் மைக்கில் பேசுவதை ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்கப் பெண்கள் வந்தார்கள். நான் ஒரு மணி நேரம் மிதித்துக் கொண்டுபோகும் செய்தியை அவன் ஒரு மூச்சில் அனுப்பினான். எனக்கு வேறு வேலை கொடுத்தார்கள்: பெட்டியின் பாட்டரியை வாரம் ஒரு தடவை சைக்கிளில் கட்டி ஆவடிக்குக் கொண்டுபோய், சார்ஜ் ஏற்றிக்கொண்டு வருவது. அந்தப் பாட்டரியில் ஆசிட் இருக்கும். அது தளும்பி என் காக்கிக் கால்சட்டையில் பின்பக்கமாக ஓர் ஓட்டை போட்டது. கன்னியம்மா தன் பழைய ரவிக்கைத் துணியில் ஒட்டுப்போட்டுத் தந்தாள். பச்சைப் பூப்போட்ட துணி. அன்றிலிருந்து டீக்கடையில் நான் போகும்போது எல்லோருமே எழுந்து பார்த்தார்கள்.

ஏகாம்பரம் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவனோ நல்லவன். ஒரு நாள் பாட்டரியை மாட்டும்போது தானாகவே எனக்கு விளக்கினான்.

"வானத்துலயும் வாய்க்கா கீது மாமா. போலீசுக்கு ஒண்ணு, கப்பலுக்கு ஒண்ணு, பட்டாளத்துக்கு ஒண்ணு, நமக்கு ஒண்ணுன்னு சர்க்கார் பிரிச்சுக் குடுத்துக்கீது. ஆபத்து நேரத்துல ஒருத்தன் பேச்சு இன்னொருத்தன் பேச்சு மேல வுழக்கூடாதுல்ல? இந்த முள்ளு இந்தச் சேப்புக் குறில நின்னாத்தான் நம்ம வாய்க்கா. அரை விரக்கடை நவுந்தாக்கூட நம்ம பேச்சு பூந்தமல்லிக்குப் போவாது."

பெட்டியின் வட்டக் கண்ணாடி மேல் சிவப்பு வண்ணத்தில் பொட்டு மாதிரி ஒரு குறி. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் உழவுக் குடும்பத்தில் பிறந்தவன். வரப்பில் ஒரு மண்ணாங்கட்டியை எடுத்தால் தண்ணீர் நம் வயலை விட்டுப் போய்விடும் என்பது எனக்குத் தெரியாததா? போகிற தண்ணீர் அடுத்தவன் வயலில்தான் பாயும் என்பதும் தெரியும். அந்த இரண்டாவது பாதி மட்டும் அன்றைக்கு என் புத்தியில் ஏறவில்லை.

அடுத்த ஞாயிறு பெரிய ஒத்திகை. பட்டணத்திலிருந்து ஒரு துரை பார்வையிட வருகிறார். அம்பத்தூர் ரயில்வே ஸ்டேஷனில் குண்டு விழுந்ததாகப் பாவனை. நாற்பது பேர் காயம்பட்டது போலப் படுக்க வேண்டும். ஏகாம்பரம் வயர்லெஸ்ஸில் பூந்தமல்லியைக் கூப்பிட வேண்டும். மூன்று தடவை கூப்பிட்டும் பதில் இல்லையென்றால் மட்டும் தூதன் கிளம்பலாம். அந்த 'மட்டும்' என்ற சொல்லை வார்டன் ஐயா என் ஒட்டுத்துணியைப் பார்த்துக்கொண்டே சொன்னதாக எனக்குப் பட்டது.

அன்று காலை ஏகாம்பரம் வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நான் பாட்டரியோடு பள்ளிக்கூட அறைக்குள் போனேன். ஒருவரும் இல்லை. நகத்தால் சிவப்புக் குறியைச் சுரண்டினேன். சட்டைப் பையிலிருந்து கன்னியம்மாவின் குங்குமத்தை எடுத்து (நல்லெண்ணெயில் குழைத்தே கொண்டுவந்திருந்தேன், அவ்வளவு முன்யோசனை) அரை விரல் தள்ளிப் புதுக் குறி வைத்தேன். முள்ளையும் அங்கே திருப்பினேன். வெளியே வந்து தொப்பியை மாட்டிக்கொண்டு ஜன்னலோரம் சைக்கிள் பக்கத்தில் நின்றேன்.

சங்கு ஊதியது. துரை கடிகாரத்தைப் பார்த்தார். ஏகாம்பரம் முள் குறியில் நிற்கிறதா என்று பார்த்தான். நின்றது. கூப்பிட்டான். கரகர என்ற சத்தம். மறுபடி கூப்பிட்டான். கரகர. மூன்றாம் தடவை அவன் குரல் நடுங்கியது. காதோரம் வியர்வை இறங்கியது. அதைப் பார்த்து எனக்குப் பாவமாக இருந்தது என்று எழுத ஆசைதான். இல்லை. இனித்தது.

"கிளம்புப்பா!" என்றார் வார்டன் ஐயா, சீட்டைக் கையில் திணித்து.

அம்பு மாதிரி கிளம்பினேன். ஆவடி வரை போய்த் தெற்கே திரும்பினால் பூந்தமல்லிக்கு நல்ல சாலை. வழியெல்லாம் துரை என் தோளில் தட்டுவதையும், விராலின் நடுத்துண்டு என் தட்டுக்குத் திரும்புவதையும் பார்த்துக்கொண்டே மிதித்தேன். திருமுல்லைவாயில் தாண்டும்போது எதிரே புழுதி. நான்கு பட்டாள லாரிகள், பின்னால் ஓர் ஆம்புலன்ஸ். எங்கோ அவசரமாகப் போகிறார்கள் என்று ஓரமாக நின்று சல்யூட் அடித்தேன்.

முதல் லாரி என் பக்கத்தில் நின்றது. உள்ளேயிருந்து ஒரு ஹவில்தார் எட்டிப் பார்த்தார். வேலூர்ப் பக்கத்து ஆள் போலிருக்கிறது, தமிழ் பேசினார்.

"நீ ஏ.ஆர்.பி. தானே? அம்பத்தூர் ஸ்டேஷன்ல குண்டு வுழுந்துட்ச்சாமே! நாப்பது பேருக்கு அடியாம். எங்க வயர்லெஸ்ல வந்துச்சு. ஏறு, வழி காட்டு!"

அடுத்த வாய்க்கால் யாருடையது என்று அப்போதுதான் தெரிந்தது. நடந்தது பிறகு கேள்விப்பட்டேன்: நான் கிளம்பிய சற்று நேரத்தில் பெட்டியில் ஒரு கனத்த குரல் "யார், எங்கே?" என்று கேட்டிருக்கிறது. பூந்தமல்லிதான் பேசுகிறது என்ற சந்தோஷத்தில் ஏகாம்பரம் 'ஒத்திகை' என்று முதலில் சொல்ல வேண்டியதை மறந்து, குண்டையும் நாற்பது பேரையும் மட்டும் சொல்லியிருக்கிறான்.

உண்மையை அங்கேயே சொல்லியிருக்கலாம். "அது வந்துங்க..." என்று தொடங்கினேன். அதற்குள் இரண்டு சிப்பாய்கள் என்னையும் சைக்கிளையும் தூக்கி லாரியில் போட்டார்கள்.

ஸ்டேஷனில் காயம்பட்டவர்கள் சீராகப் படுத்திருந்தார்கள். கழுத்தில் 'கால் முறிவு', 'மயக்கம்' என்று சீட்டுகள். நிஜப் பட்டாளம் குதித்து ஓடிவருவதைப் பார்த்ததும் சுற்றி நின்ற ஜனங்கள் ஜப்பான்காரன் வந்தேவிட்டான் என்று குழிகளில் விழுந்தார்கள். 'மயக்கம்' எழுந்து ஓடிவிட்டது. 'கால் முறிவு' அதற்கு முன்னால் ஓடியது. கடைசி வரை ஒழுங்காக, கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தது ஒரே ஒரு ஆள். கழுத்தில் 'தலையில் பலத்த காயம்'. என் மனைவி கன்னியம்மா. (சொன்ன வேலையை அரைகுறையாகச் செய்யத் தெரியாதவள்.)

அவளை ஸ்ட்ரெச்சரில் ஏற்றிவிட்டார்கள். பட்டாள டாக்டர் ஊசியில் மருந்தை ஏற்றி, அவள் கையைப் பிடித்தார்.

"ஊசி போடாதீங்க! அது என் பொண்டாட்டி!" என்று கத்தினேன். டாக்டருக்குத் தமிழ் தெரியாது. புலம்பும் கணவன் என்று நினைத்து என்னைப் பரிவாக விலக்கினார். "அடி இல்லீங்க! குண்டே இல்லீங்க! நான்தான் முள்ளைத் திருப்பினேன்! குறியை மாத்துனவன் நான்தான்!"

ஹவில்தார் இங்கிலீஷில் அதைத் திருப்பிச் சொன்னார். துரை கேட்டார். வார்டன் ஐயா கேட்டார். ஓடிவந்த ஏகாம்பரம் கேட்டான். ஊசி அதற்குள் இறங்கிவிட்டிருந்தது.

கன்னியம்மா கண்ணைத் திறந்தாள்.

"இன்னாத்தால குறி வெச்சே?"

"உன் குங்குமம்..."

"எண்ணெய்?"

"நம்மூட்டு நல்லெண்ணெய்தான்."

"ஏன் மாமா?" என்றான் ஏகாம்பரம். கோபமே இல்லாமல் கேட்டான். வால் துண்டு என்று பட்டாளத்தின் முன்னால் எப்படிச் சொல்வது?

பட்டாள அதிகாரி கத்தியதை யாரும் எனக்கு மொழிபெயர்க்கவில்லை, தேவைப்படவும் இல்லை. என்னை ஜெயிலுக்கு அனுப்புவார்கள் என்றே நினைத்தேன். வார்டன் ஐயாவும் ஏகாம்பரமும் துரையிடம் நெடுநேரம் மன்றாடினார்கள். கடைசியில் தொப்பியும் கைப்பட்டையும் பறிபோனதோடு விட்டார்கள். ஆனால் துரை தன் அறிக்கையில் ஒன்று எழுதினார்: செய்தி போன வேகத்தில் உதவி வந்து சேர்ந்தது பாராட்டத்தக்கது; இனி நிஜமான ஆபத்தில் அம்பத்தூர் ஏ.ஆர்.பி. நிலையம் பட்டாளத்தின் அலைவரிசையிலும் கூப்பிடலாம்; இயக்கியவன் திறமைசாலி. அடுத்த மாதமே ஏகாம்பரத்துக்குப் பட்டணத்தில் பெரிய வயர்லெஸ் நிலையத்தில் வேலை. நான் திருப்பிய முள்ளால் அவனுக்குப் பதவி உயர்வு! அவன் மேல் எனக்கு இருந்த பொறாமை அன்றைக்குத்தான் உச்சத்துக்குப் போனது.

கன்னியம்மாவின் கை மூன்று நாள் வீங்கியிருந்தது. மூன்று நாளும் நான்தான் சமைத்தேன்.

நாடு சுதந்திரம் பெற்று, யுத்தம் கதையாகி, எங்கள் வீட்டுக்கும் ஒரு ரேடியோ வந்தது. அதன் திருகைத் தொடும் உரிமை மட்டும் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. சென்ற தை மாதம் மகனுக்குக் கல்யாணம் செய்தோம். வந்த மறுநாள் புது மருமகள் மரியாதையாக, "மாமா, நியூஸ் வைங்களேன்" என்றாள். கையை நீட்டினேன். அடுப்படியிலிருந்து கன்னியம்மா, கூடத்திலிருந்து மகன், வாசலிலிருந்து விருந்துக்கு வந்திருந்த ஏகாம்பரம், மூன்று பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்:

"கையை எடு! மிலிட்டரி வந்துரும்!"

ஒன்றும் புரியாத மருமகள் ஓடிப்போய்த் தெருக்கதவைத் தாழ்போட்டாள்.