முள்வால் ஓணானைப் பற்றி நான் ஆற்றிய உரை

வேலை போனவனுக்கு, விளம்பரத்தில் வரும் எல்லா வேலையும் தனக்கென்றே அளவெடுத்துத் தைத்தது போலத் தோன்றும். சிங்கப்பூரின் தஞ்சோங் பகாரில் நான் வேலை பார்த்த சரக்குக் கப்பல் அலுவலகம் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் எனக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டது. (பிரியாணி நன்றாகவே இருந்தது. அதுதான் இன்னும் எரிச்சல்.) அதன் பிறகு பல மாதம் வீட்டில் இருந்தேன். அப்போதுதான் ஒரு சிறிய ஊர்வனப் பூங்காவில் தமிழில் விளக்கம் சொல்ல ஆள் தேவை என்று பார்த்தேன். வீட்டுப் பல்லியைக் கண்டாலே துடைப்பம் தேடும் நான், உடனே மனுப் போட்டேன்.

தேர்வு எளிது என்றார்கள். பாலைவனத்து முள்வால் ஓணானைப் பற்றிக் கால் மணி நேரம் தமிழில் பேச வேண்டும். கேட்பதற்குத் தமிழ்க் கூட்டத்தையும் நானே அழைத்து வர வேண்டும். (சமைக்கத் தெரியுமா பார்க்கலாம், அரிசியும் நீயே கொண்டு வா என்கிற கதை.) என் மனைவி மாலா, அவள் அப்பா, அதாவது என் மாமா, போய்வரும் மூத்தோர் குழுவை ஏற்பாடு செய்தாள்.

எனக்குச் சிக்கலே அதுதான். "மாப்பிள்ளை என்ன பண்றாரு?" என்று யாராவது கேட்டால் மாமா உடனே மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். அன்றைக்காவது அவருக்கு ஒரு பதில் கிடைக்கட்டும் என்று புக்கிட் பாத்தோக் வீட்டில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படிப்பது போலப் படித்தேன். காலைக் குளிரில் ஓணான் கறுத்திருக்கும், வெயில் ஏற ஏற வெளுக்கும். தண்ணீர் குடிப்பது அபூர்வம், தின்னும் தழையின் ஈரமே போதும். எதிரி வந்தால் வளைக்குள் புகுந்து முள் வாலால் வாசலை அடைத்துவிடும். மாலா துணி தேய்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். "சூப்பர்லா. அப்பா அசந்துடுவாரு," என்றாள்.

தேர்வு நாளன்று இடி இடித்ததில் பூங்காவின் மின்சாரம் போய்விட்டது. கண்ணாடிப் பெட்டியின் வெப்ப விளக்கும் அணைந்தது. ஓணான் மண் குழாய்க்குள் போய், நான் படித்திருந்தபடியே வாலால் வாசலை அடைத்துக்கொண்டது. மூத்தோர் குழு முழுவதும் ஒரு வாலைப் பார்த்தபடி நின்றது. நானும் வாலைக் காட்டியே பேசினேன்.

"தம்பி, தலை எப்ப வரும்?" என்றார் மாமாவின் நண்பர் பெருமாள் அங்கிள்.

"சூடு வந்தாதான் வரும் அங்கிள்."

அவர் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தார். "டேய், இது அதுதானே! தேக்காவுல முன்னாடி ரோட்டோரம் குப்பியில விப்பானே, ஓணான் எண்ணெய். ஆம்பளைங்களுக்கு!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. தமிழில் ஒரு வார்த்தைகூடத் தெரியாத, பூங்காவின் சீனப் பெண் மேலாளர் அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு, பின்னாலிருந்து எனக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

"அது வெறும் கொழுப்பு அங்கிள். பஞ்ச காலத்துக்குன்னு வால்ல சேத்து வெக்குது. அதை உருக்குனா கொழுப்புதான் வரும், வேற ஒரு பலனும் கிடையாது," என்றேன், பேராசிரியர் தோரணையில்.

"நீங்க ட்ரை பண்ணிப் பாத்துட்டீங்களா தம்பி?"

மறுபடியும் சிரிப்பு. மாமா தரையைப் பார்த்தார். அப்போது பாக்கியம் ஆன்ட்டி, நல்ல மனசோடுதான், சொன்னார்: "கேலி பண்ணாதீங்க. கல்யாணமாயி இத்தன வருஷமாச்சு, பாவம். ட்ரை பண்ணித்தான் பாக்கட்டுமே."

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். அதற்குச் சிரிப்பே தேவலாம்.

பின்னால் குடையோடு நின்ற மாலா முன்னால் வந்தாள். "ஆன்ட்டி, அவருக்கு ஒரு குறையும் இல்ல. டாக்டர் எனக்குத்தான் குழந்தைக்கு வாய்ப்பில்லன்னு சொல்லிட்டாரு. அதுக்கு ஏதாச்சும் எண்ணெய் இருக்கா?"

இதை நாங்கள் யாரிடமும் சொன்னதில்லை. மாமாவுக்கும் அப்போதுதான் தெரியும். நான் அவள் பக்கத்தில் போய் நின்றிருக்க வேண்டும். குறைந்தபட்சம் அவள் கையிலிருந்த குடையையாவது வாங்கியிருக்கலாம். மனப்பாடம் செய்த மூளை வேறு என்ன செய்யும்? அடுத்த வரிக்குப் போனது.

"இது பெரும்பாலும் தழைதான் சாப்பிடும்," என்றேன்.

திரும்பும் பேருந்தில் மாலா கேட்டாள்: "தழை மட்டும்தானா?"

"எப்பவாச்சும் பூச்சியும் திங்கும்."

"சரி," என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வேலை கிடைக்கவில்லை. கூட்டத்தை உணர்ச்சிவசப்பட வைத்த என் திறமையைப் பாராட்டி மேலாளர் மின்னஞ்சல் அனுப்பினார். பிறகு அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் பொத்தானை அழுத்தினால் பேசும் கருவி ஒன்றை வைத்துவிட்டார்கள். நான் இப்போது துவாஸில் ஒரு கிடங்கில் இருக்கிறேன். மாமா இப்போதெல்லாம் மழையைப் பற்றிப் பேசுவதில்லை. மகளைப் பார்க்க வரும்போது பழம் வாங்கி வருகிறார்.

ஆனால் ஓணான் கதை மட்டும் ஓயவில்லை. தீபாவளிக்கு, பெயர்சூட்டு விழாவுக்கு, எங்கே சொந்தம் கூடினாலும் யாராவது ஆரம்பிப்பார்கள். வால் வரும், இடி வரும், பெருமாள் அங்கிள் குரலில் ஒருவர், "நீங்க ட்ரை பண்ணிப் பாத்துட்டீங்களா தம்பி?" என்பார். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். நானும்தான். கதை எப்போதும் அந்த இடத்தில் முடிந்துவிடும். அதற்கு மேல் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் மாலா எழுந்து, எல்லோருக்கும் காப்பி போடப் போய்விடுவாள்.