எங்கேருந்து காக்காவும் மூடி போட்ட மீன் சருவமும்

உலகத்தில் சாமான் வாங்கப் போகிற எல்லோரும் முதலில் விலையைக் கேட்பார்கள். சாமானின் சொந்த ஊரைக் கேட்ட ஒரே மனிதர் எங்கள் காக்காதான்.

"இது எங்கேருந்து வருது?"

சோப்பை எடுத்தாலும் கேட்பார், சீப்பை எடுத்தாலும் கேட்பார். கல்யாண வீட்டுப் பந்தியில் பிரியாணி வைத்தவரிடம் ஆட்டின் பூர்வீகம் விசாரித்து, பின்னால் இருந்த இருபது இலைகளையும் காக்க வைத்தவர். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று என்னையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு அதையே கேட்டார். சுசீந்திரம் என்றேன். "பக்கம்தான், கொள்ளாம்" என்று, ஏதோ லாரி வாடகை மிச்சமானது மாதிரி சந்தோஷப்பட்டார்.

அவருக்குச் சொந்த ஊர் தேங்காப்பட்டணம். அங்கே முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் காக்கா என்று விளிப்பார்கள். அவருடைய முழுப்பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மற்றபடி ஆபீசுக்கும் ஊருக்கும் அவர் 'எங்கேருந்து காக்கா'.

2004 கடைசியில் சுனாமி வந்து போன பிறகு நாகர்கோவிலில் ஒரு நிவாரண அமைப்பு வாடகை வீடு பிடித்து ஆபீஸ் திறந்தது. எனக்கு ஸ்டோர் பொறுப்பு. காக்காவுக்கு பர்ச்சேஸ். எங்களை மேய்க்கச் சென்னையிலிருந்து ஒரு சார். அதற்கு முன் காக்கா பல வருஷம் கல்ஃபில் ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டுக்குக் கொள்முதல் பார்த்தவர். வெங்காயம் ஒரு கண்டத்திலிருந்து, ஆப்பிள் இன்னொரு கண்டத்திலிருந்து, ஆடு மூன்றாவதிலிருந்து. எல்லாம் கப்பலிலும் விமானத்திலும் வந்து இறங்க, வீட்டுக்குப் போக மட்டும் காக்காவுக்கு லீவு கிடைக்காது. அந்தக் கோபமோ என்னவோ, தன்னைவிட அதிகம் ஊர் சுற்றிய பொருள் எதையும் அவருக்குக் கண்டாலே ஆகாது.

முதல் மாதத்தில் ஒரு லாரி கம்பளி வந்தது. வடக்கே எங்கேயோ குளிர் தேசத்தில் யாரோ நல்ல மனசோடு அனுப்பியது. ஒன்றை எடுத்துப் போர்த்திக்கொண்டு காக்கா முற்றத்து வெயிலில் போய் நின்றார்.

"பிள்ளே, பாத்தியா? கடல்ல தப்பிச்ச ஆளுவள நாம வேர்வையில முக்கப் போறோம்."

விளையாட்டுக்காரர் என்று நினைத்தால் திடீரென்று ஒன்று சொல்வார், சிரிப்பு நின்றுவிடும். ஒருநாள் கடற்கரைக்குப் போயிருந்தோம். மணல் முழுக்கக் காலித் தண்ணீர் பாட்டில், பாலிதீன் கவர், பிளாஸ்டிக் தட்டு. எல்லாம் நிவாரணமாக வந்தவை. காக்கா செருப்பால் ஒரு பாட்டிலைத் தள்ளிக்கொண்டே சொன்னார்: "கடல் கொண்டு போட்டத எப்பிடியோ அள்ளியாச்சு. நாம கொண்டு போட்டத ஆரு அள்ளுவா?"

அன்றைக்கு மறுநாளிலிருந்து ஆபீசில் பிளாஸ்டிக்குக்குத் தடை. கருப்பட்டியைக்கூட வாழைச்சருகில் பொதிந்து தரச் சொன்னார். தந்தார்கள். ஆரல்வாய்மொழியிலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் இருந்த எறும்புகள் அத்தனையும் என் ஸ்டோருக்குக் குடிவந்தன. நான் கத்தியபோது காக்கா குனிந்து பார்த்துவிட்டு, "எல்லாம் உள்ளூர் எறும்புதான், விடு" என்றார்.

அடுத்தது, பிளாஸ்டிக் கவருக்குப் பதிலாக ஓலைப்பெட்டி. பனையோலைப் பெட்டிகள் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அந்தப் பக்கம் மலிவாகக் கிடைக்கும் என்று சார் சொன்னார். காக்காவைப் பொறுத்தவரை மாவட்ட எல்லையான ஆரல்வாய்மொழி தாண்டினால் வெளிநாடு. இருந்தாலும் சார் சொன்னதற்காகப் போய், திறந்த லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். காற்றாலை நட்டு வைத்திருக்கிற இடத்தில் காற்று அடிக்கும் என்பது லாரி டிரைவருக்கும் தெரியும், காக்காவுக்கும் தெரியும். கயிறு கட்டிய ஆளுக்குத்தான் தெரியவில்லை. கணவாயில் வைத்துக் கயிறு அறுந்தது. பெட்டிகள் ஒவ்வொன்றாக எழும்பி, ஏதோ பெரிய பறவைக்கூட்டம் போலக் காற்றாடிகளைப் பார்த்துப் பறந்தன. காக்கா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வயலுக்குள் ஓடினாராம். ஆடு மேய்த்த பெண்கள் ஆளுக்கொன்று பிடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, "நல்லா இருப்பிய" என்று வாழ்த்தினார்களாம்.

வெறும் லாரியோடு வந்து சேர்ந்தவர் சாரிடம் சொன்னது ஒரே வாக்கியம்: "வெளிநாட்டுச் சாமான் வாங்கினா இப்பிடித்தான் சார்."

இவ்வளவும் சும்மா. காக்காவுக்கு உண்மையான சோதனை மீன்காரப் பெண்களால் வந்தது.

குளச்சல் பக்கத்து ஊர் ஒன்றில் மீன் விற்கிற பெண்களின் பாத்திரமெல்லாம் கடலோடு போயிருந்தது. ஆண்களுக்கு வள்ளமும் வலையும் வந்துகொண்டிருந்தன. பெண்கள் மீனைச் சுமந்து சந்தைக்குப் போகாவிட்டால் வள்ளம் வந்தும் வீட்டில் உலை ஏறாது. தலைமை ஆபீஸ் வடக்கேயிருந்து பெரிய பிளாஸ்டிக் பேசின்களை மொத்தமாக அனுப்பத் தயாராக இருந்தது. சாம்பிளும் வந்தது: பிளாஸ்டிக் பேசின், அதைச் சுற்றி பிளாஸ்டிக் உறை, அதற்கு மேல் பிளாஸ்டிக் பட்டை. காக்கா அதைத் தொடவில்லை. வண்டியேறிப் போய், பனையோலையில் முடைந்த பெரிய கூடையான உள்ளூர் ஓலைக்கடவம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு பெண்கள் கூட்டத்துக்கு வந்தார்.

கூட்டத்தில் முன்னால் உட்கார்ந்திருந்தவள் செலினக்கா. உயரம் கம்மி, குரல் அதிகம். கடவத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஓய் காக்கா, நீரு இதத் தலையில வச்சு நடந்திருக்கீரா?"

"மண்ணுல போட்டா மக்கிப்போவும் செலினு. பூமிக்குக் கேடு இல்ல."

"பூமிக்குக் கேடு இல்ல, செரி. எனக்கு? மீன் வெள்ளம் ஒழுகி முதுகு நனையும். பஸ்ஸுக்குள்ள வெள்ளம் வந்தா கண்டக்டர் பாதி வழியில எறக்கி விட்டிருவாரு."

சார் பதறிப் போனார். "பஸ்ஸுக்குள்ளயே வெள்ளம் வந்துச்சா? எப்ப? ஏன் யாரும் எனக்குச் சொல்லல?"

எங்கள் பக்கத்தில் வெள்ளம் என்றால் வெறும் தண்ணீர் என்று அவருக்குப் புரிய வைப்பதற்குள் கூட்டம் சிரித்து ஓய்ந்துவிட்டது. செலினக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"எங்களுக்கு அந்த பிளாஸ்டிக்கே போதும் காக்கா. ஒழுகாதுல்லா."

"ஒரு வருசத்துல கீறும். கீறினா எங்க போடுவா? கடல்லதான்."

"அப்போ கீறாததும் ஒழுகாததுமா கொண்டு வாரும். யாரு வேண்டான்னா?"

காக்கா கடவத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். திரும்பி வரும்போது ஜீப்பில் ஓலைக்கடவத்தை மடியில் வைத்துக்கொண்டு, பள்ளியில் தோற்றுப்போன பிள்ளையைக் கூட்டி வருகிற தகப்பன் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலையில் செலினக்காவையும் என்னையும் கூட்டிக்கொண்டு கோட்டாறில் ஒரு பாத்திரப் பட்டறைக்குப் போனார். அலுமினியத்தில் அகலவாய்ச் சருவம் செய்கிற இடம். வழக்கம்போலக் கேள்வி வந்தது. பட்டறைக்காரர் செல்லப்பன் ஒளிக்கவில்லை. "பாதி, பழைய பாத்திரம் உருக்கினது. பாதி, வெளியூர்த் தகடு."

காக்காவின் முகம் வாடியது. 'வெளியூர்' என்ற சொல் அவருக்குச் செரிக்கவில்லை. செல்லப்பன் இரக்கப்பட்டு, "பொத்தல் விழுந்தா இஞ்சயே கொண்டு வரட்டும், அடைச்சுத் தாரேன். அடைக்க முடியாமப் போனா உருக்கிப் புதுசு அடிக்கலாம். குப்பைக்குப் போவாது" என்றார். காக்கா கொஞ்சம் தெளிந்தார்.

"மூடி வேணும்," என்றாள் செலினக்கா. "கவிழ்ந்தாலும் தெறிக்காத மூடி. ரெண்டு பக்கமும் மாட்டுத கொளுவி." வடக்கத்திக் கம்பெனியிடம் மூடி கேட்டிருந்தால் பதில் வரவே ஒரு மழைக்காலம் ஆகியிருக்கும். செல்லப்பன் பேசிக்கொண்டிருக்கும்போதே தகட்டை வெட்ட ஆரம்பித்துவிட்டார்.

சருவம் தயாரானதும், அதைத் தானே சுமந்து பார்ப்பேன் என்று காக்கா அடம்பிடித்தார். குளச்சலில் மீனும் தண்ணீருமாக நிரப்பி, மூடியைக் கொளுவி, தலையில் சும்மாடு வைத்து, வடசேரி பஸ்ஸில் ஏறினார். பின்னால் செலினக்கா, அவளுக்குப் பின்னால் நான். கண்டக்டர் மூக்கைச் சுளித்தார். "மூடியிருக்குல்லா!" என்று காக்கா அதட்டவும் விட்டுவிட்டார்.

வழியில் ஒரு வளைவில் டிரைவர் பிரேக்கை மிதித்தார். மூடியின் ஓரத்தில் ஒரு நூலளவு இடைவெளி இருந்திருக்கிறது. பெண் பார்க்கப் போய்க்கொண்டிருந்த ஒரு பையனின் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை அந்த இடைவெளிக்கு நேர் கீழே இருந்தது.

பையன் அலறினான். காக்கா சமாதானம் சொன்னார்: "ஒண்ணும் இல்ல மக்கா, நம்ம குளச்சல் வெள்ளம்தான். வெளியூர் இல்ல."

மூன்று பேரையும் திங்கள்நகரில் இறக்கி விட்டார்கள். மத்தியான வெயிலில், தலையில் மீனோடு காக்கா நடக்க, பின்னால் ஊர்ப் பூனைகள் எல்லாம் ஊர்வலம். மீன்காரர் என்று நினைத்து ஆட்கள் விலை கேட்டார்கள். இந்த மீன் எந்தக் கடலில் எந்தக் காற்றில் எந்த வலையில் பட்டது என்று ஒவ்வொருவருக்கும் விளக்கினார் காக்கா. வாங்க ஒருவரும் மிஞ்சவில்லை. செலினக்கா ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சுனாமிக்குப் பிறகு அம்மா இப்படிச் சிரித்துப் பார்க்கவில்லை என்று அவள் மகள் பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

சிரிப்பு அடங்கியதும் செலினக்கா மூடியைத் தடவிப் பார்த்தாள். "குக்கர் மூடியில ஒரு ரப்பர் வளையம் போடுவாவல்லா. அது மாதிரி ஒண்ணு இருந்தா?"

காக்கா நடுரோட்டில் நின்றார். "ரப்பரா! ஏ செலினு, கீரிப்பாறையில மலை முழுக்க ரப்பராக்கும்!"

அதற்குள் சாருக்குத் தலைமை ஆபீசிலிருந்து போன் மேல் போன். திங்கட்கிழமைக்குள் முடிவு சொல்லாவிட்டால் பிளாஸ்டிக் லாரி கிளம்பிவிடும். கிளம்பினால் திருப்ப முடியாது. காக்கா எஸ்டேட் பஸ் பிடித்து மலையடிவாரத்துக்குப் போய், ரப்பர் மிதியடி செய்கிற ஒரு சின்னப் பட்டறையைக் கண்டுபிடித்து, அங்கேயே குந்தியிருந்து வளையம் போட வைத்தார். பால் எந்த மரத்தில் வெட்டியது என்று காட்டச் சொல்லி, அந்த மரத்தையும் பார்த்துவிட்டுத்தான் வந்தாராம்.

திங்கட்கிழமை காலை மறுபடியும் அதே பஸ். இந்தத் தடவை சாரும் வந்தார், இஸ்திரி கலையாத நீலச் சட்டையில். தலைச்சுமையோடு காக்கா நின்ற இடம் சாரின் சீட்டுக்கு நேர் பக்கத்தில்.

"காக்கா, கொஞ்சம் தள்ளி நிக்கலாமே?"

"சோதனைன்னா சோதனை சார்."

அதே வளைவு, அதே பிரேக். காக்கா நிலைதடுமாறி அப்படியே சாரின் மடியில் விழுந்தார். சருவம் காக்காவின் மேல் கவிழ்ந்தது. சார் கண்ணை இறுக மூடியிருந்தார். பிறகு ஒரு கண்ணைத் திறந்து, சட்டையைத் தொட்டு, விரலை மூக்கருகே கொண்டு போனார்.

"நனையல," என்றார் நம்ப முடியாமல். "நாறவும் இல்ல."

காக்கா அவர் மடியில் கிடந்தபடியே கூவினார்: "பிள்ளே, ஆர்டர் போட்டாச்சுன்னு எழுதிக்க!"

கண்டக்டர் வந்து சருவத்தை ஆட்டிப் பார்த்தார். உள்ளே மீன் சலசலத்தது, வெளியே ஒரு சொட்டு இல்லை. "இது இருந்தா நான் ஏன் எறக்கி விடுதேன்? எனக்கும் வீடு குடும்பம் உண்டும்மா, மத்த ஆளுவதான் என்னய ஏசுதாவ" என்று செலினக்காவிடம் முறையிட்டார். வடசேரி வந்ததும் சார் நேரே போன் பூத்துக்குப் போய், பிளாஸ்டிக் லாரி வேண்டாம் என்று சொன்னார். நல்லவேளை, லாரி அப்போதுதான் சாமான் ஏற்றிக்கொண்டிருந்ததாம்.

சருவங்கள் கொடுத்த அன்று மேடை போட்டு, மைக் கட்டி, பெரியவர்கள் பேசினார்கள். காக்காவைக் காணோம். மறுநாளும் ஆபீசுக்கு வரவில்லை. தேடிக்கொண்டு போனால் குளச்சல் பஸ் ஸ்டாப்பில் ஒரு டீக்கடை பெஞ்சில் இருந்தார். பெண்கள் சருவத்தோடு வரிசையாக பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தார்கள். கண்டக்டர் ஒரு சருவத்தைக் கைநீட்டி வாங்கி உள்ளே வைத்தார். காக்கா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். டீ ஆவி அடிக்கிறதாம். டீ எப்போதோ ஆறியிருந்தது.

பிறகு ஆபீசை மூடினார்கள். சார் வேறு மாநிலத்துக்குப் போனார். காக்காவுக்கு கல்ஃபிலிருந்து மறுபடி அழைப்பு வந்தது. போகவில்லை. தேங்காப்பட்டணத்தில் வீட்டுக்கு முன்னால் ஒரு சின்னக் கடை போட்டார். அங்கே சாமான் வாங்குவதைவிட அவர் பேச்சிலிருந்து தப்பிப்பது கஷ்டம் என்று கேள்வி.

சில வருஷம் கழித்து, காக்காவுக்கு உடம்பு சுகமில்லை என்று கேள்விப்பட்டு நானும் செலினக்காவும் போனோம். ஆள் மெலிந்திருந்தார், நாக்கு மெலியவில்லை. அவர் வீட்டுக்காரி அரிசிப் பத்திரியும் கறியும் வைத்துக்கொண்டே, "மிண்டாம, பேசாம இருங்கன்னு டாக்டர் சொல்லியிருக்காரு, கேக்குதாரா?" என்றார். காக்கா எங்களை விடவில்லை. உப்பு, உளுந்து, ஊதுபத்தி எல்லாவற்றின் ஜாதகத்தையும் சொல்ல ஆரம்பித்தார். வாசலில் கடைசிக்கு முந்தின பஸ் வந்து ஹாரன் அடித்தது.

நான் செலினக்காவைப் பார்த்தேன். அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு இன்னும் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"அந்த பஸ் போட்டும்," என்றாள் மெதுவாக. "நீங்க சொல்லுங்க காக்கா."