ஊதா உதட்டு மிஸ் சாமந்தி

கருப்பாயி இறக்கையைப் பிடித்துத் தூக்கி வந்து காம்பரா வாசலில் விட்ட சேவல் சாள்ஸுடையது அல்ல. அந்த வீட்டில் எந்தக் காலத்திலும் சேவல் வளர்த்ததில்லை.

"இந்தா தம்பி, சாமான் வந்து சேந்துருச்சு. அடுத்த கெழமை என் பேரப் போட்டுறாத," என்றாள் கருப்பாயி.

"யாரு சேவலுக்கா இது?"

"அது தெரிஞ்சா நேரா அங்கயே விட்டுருப்பேனே. இருட்டுல புடிச்சது."

சொல்லிவிட்டு, காலைப் பெரட்டில் பேர் கொடுக்கப் பிந்தியவள் போல நடையைக் கட்டினாள். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. பெரட்டும் இல்லை, மலையில் கொழுந்தும் இல்லை.

சாள்ஸ் சேவலைப் பார்த்தான். சேவல் சாள்ஸைப் பார்த்தது. இரண்டு பேருக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

பலாங்கொடையிலிருந்து வருகிற பஸ் மூச்சு வாங்கி நின்றுவிடுகிற ஏற்றத்துக்கும் மேலே இருந்தது அந்தத் தோட்டம். அதன் வாலிபர் சங்கம் ஞாயிறுதோறும் சங்கக் கடைச் சுவரில் ஒரு பத்திரிகை ஒட்டும். பெரிய தாள் நாலு. முதல் மூன்றையும் எழுதியவர்களே திரும்பப் படிப்பதில்லை. கூட்டம் கூடுவது நாலாவது தாளுக்குத்தான். அதில் சாள்ஸ் வரைகிற சித்திரக்கதை வரும்.

கதாநாயகி மிஸ் சாமந்தி, பிரைவேட் டிடெக்டிவ். கொழும்பில் மாடி ஆபீஸ், குதி உயர்ந்த செருப்பு, ஊதா உதடு. சாள்ஸுக்குத் தேயிலை ஸ்டோரில் சாக்குகளுக்கு முத்திரை குத்துகிற வேலை. அங்கே இருந்த மை அந்த ஒரு நிறம்தான்.

மற்ற டிடெக்டிவ்கள் துப்பாக்கி வைத்திருப்பார்கள். மிஸ் சாமந்தி குடை வைத்திருந்தாள். தொண்ணூற்றெட்டாம் ஆண்டில் ஒரு தமிழ்ப் பெண்ணின் கையில் துப்பாக்கியைக் கொடுத்துச் சுவரில் ஒட்டினால், அடுத்த வாரத்துக் கதையைப் பொலிஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்துதான் வரைய வேண்டியிருக்கும். அந்த அளவுக்கு சாள்ஸுக்கு அறிவு இருந்தது.

அறிவு குறைந்தது வேறோர் இடத்தில். மிஸ் சாமந்தியின் நெற்றியில் விழுகிற சுருட்டை முடியும், இடது கன்னத்து மச்சமும், ஒருபக்கமாகச் சாய்ந்து பார்க்கிற பார்வையும் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற ஸ்டெபானியினுடையவை. கழுத்துக்கு மேலே அச்சு அசல் அவளேதான். அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பதைத் தவிர சாள்ஸுக்கு வாழ்க்கையில் வேறு யோசனை கிடையாது. ஆனால் அதை அவளிடம் சொல்ல வாயும் கிடையாது. படத்தைப் பார்த்து அவளாகப் புரிந்துகொள்வாள் என்று நம்பி மை தொட்டு வரைந்துகொண்டிருந்தான்.

தோட்டம் வேறு விதமாகப் புரிந்துகொண்டது. ஒருத்தி மேல் ஆசை உள்ளவன் தண்ணீர்ப் பீலிக்கரையில் நின்று இளிப்பான், சைக்கிள் மணி அடிப்பான். டிடெக்டிவாக வரைந்து சங்கக் கடையில் ஒட்டுவானா? ஆகவே அது ஆசையாக இருக்க முடியாது. விஷயம் இதுதான் என்று ஊர் முடிவுகட்டியது: வீட்டில் நடப்பதையெல்லாம் குழந்தைகள் பிள்ளைக் காம்பராவில் ஒப்பிக்கின்றன; ஸ்டெபானி அதைச் சாள்ஸிடம் சொல்கிறாள்; சாள்ஸ் வரைகிறான். போன வாரம் மிஸ் சாமந்தி ஒரு சேவல் திருடியைக் குடையால் மடக்கிப் பிடித்திருந்தாள். சேவல் சாள்ஸின் கற்பனை. கருப்பாயியின் பயம் கற்பனை அல்ல.

சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வரிசை வரிசையாக நின்ற லயங்களில் வீடு வீடாகப் போய் விசாரித்தான் சாள்ஸ். எல்லோரும் ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். கடைசிக் காம்பராவில் கோகிலா மட்டும் ஜன்னல் வழியாகப் பேசினாள்.

"கிட்ட வராதீங்க. அது முனியாண்டிக்கு நேந்து விட்ட சேவல். தொட்டவங்களுக்குக் கை வெளங்காதாம்."

"நான் என்ன செய்ய?"

"நீங்க வேதக்காரவங்க. ஒங்களுக்கு எப்புடியோ, எனக்குத் தெரியல."

முனியாண்டி கோயில் மரத்தடியில் சேவலைக் கட்டிவிட்டுக் கும்பிடுவதா சிலுவை போடுவதா என்று தெரியாமல் இரண்டையும் பாதிப் பாதி செய்துவிட்டு வந்தான். பொழுது சாய்வதற்குள் செய்தி பரவிவிட்டது. பூசாரி வெற்றிலையில் மை தடவி மை தடவிப் பார்த்தும் அகப்படாத சேவலை ஸ்டெபானி கண்டுபிடித்துவிட்டாள்.

வீட்டில் அம்மா மரியாயி தேத்தண்ணியை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அவள் கவலை வேறு.

"திங்கிறதும் இல்ல, தூங்குறதும் இல்ல. பவுடர் மட்டும் டின் டின்னாப் போவுது. எந்தக் கொமரு மேலடா கண்ணு?"

"யாரு மேலயும் இல்ல."

"பேரச் சொல்லித் தொலையேன். நான் போய்க் கேக்க மாட்டேனா?"

"கேஸு ஒண்ணும் இல்லம்மா," என்று டிடெக்டிவ் பாஷையில் சொல்லிவிட்டு சாள்ஸ் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். பெற்றவளிடமே பேர் சொல்லத் துணியாதவன் பெண்ணிடம் எப்படிச் சொல்வான்? இது ஊருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் விட்டுவைத்திருக்குமா?

இனிமேல் தோட்டத்தில் இல்லாத பொருளாகப் பார்த்துத்தான் காணாமற்போக்க வேண்டும் என்று தீர்மானித்தான். அடுத்த ஞாயிறு லண்டன் அரண்மனையில் ராணியின் நீலக்கல் திருடுபோனது. மிஸ் சாமந்தி விமானத்தில் ஏறினாள். குடை கையிலேயே இருந்தது.

மறுநாள் ஸ்டோர் வாசலில் அழகமுத்து கங்காணி காத்திருந்தார். தொப்பியைக் கழற்றி இரண்டு கையாலும் பிடித்திருந்தார். கங்காணி தொப்பியைக் கழற்றுவது துரைக்கு மட்டும்தான்.

"லண்டன்னு போட்டா எங்களுக்கு வெளங்காதா தம்பி?"

"என்னங்க?"

"எங்க லயத்துக்குப் பின்னால நான் தோண்டுறது கக்கூஸ் குழி. திருட்டு மாணிக்கக் குழி இல்ல."

"சரிங்க."

"நீ நம்பல."

"நம்புறேங்க."

"நம்பாத மாதிரித்தான் நம்புற." கங்காணி குரலைத் தாழ்த்தினார். "தொரைக்குத் தெரிஞ்சா வேலையும் போவும், காம்பராவும் போவும். இதுவரைக்கும் தண்ணிதான்யா வந்துருக்கு. அந்தப் புள்ளகிட்டச் சொல்லு, வெறும் தண்ணின்னு."

சாள்ஸ் யோசித்து ஒரு வழி கண்டான். அந்த வாரப் படத்துக்குக் கீழே, பெட்டி கட்டி, கொட்டை எழுத்தில் ஒரு வரி எழுதினான்: 'இதில் வரும் ஆட்களும் சம்பவங்களும் முழுக்க முழுக்கக் கற்பனை.'

அதுதான் கெடுத்தது. அதுவரை சந்தேகப்பட்டவர்கள் இப்போது நிச்சயப்படுத்திக்கொண்டார்கள்.

"கற்பனையா இருந்தா கற்பனைன்னு ஏன் எழுதணும்?" என்று சங்கக் கடை வாசலில் நின்று கேட்டாள் கருப்பாயி. "என்னய மாதிரி நெசமான ஆளு, நான் நெசமான ஆளுன்னு நெத்தியில எழுதிக்கிட்டா திரியிறேன்?"

திங்கட்கிழமை முதல் தாய்மார் பிள்ளைகளைப் பிள்ளைக் காம்பராவுக்கு அனுப்புவதை நிறுத்தினார்கள். மலைக்குப் போகும்போது முதுகிலும் இடுப்பிலுமாகக் கட்டிக்கொண்டு போனார்கள். பீலியில் ஸ்டெபானி குடத்தை வைத்தால் பேச்சு சட்டென்று நின்றுவிடும். அத்தனை பேரும் தண்ணீர் விழுகிற அழகைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஒருநாள் அவளே ஸ்டோருக்கு வந்துவிட்டாள். சாள்ஸின் கையிலிருந்த முத்திரைக் கட்டை நழுவி அவன் சட்டையிலேயே குத்தியது.

"என் மூஞ்சிய ஏன் வரையிறீங்க, சாள்ஸ் அண்ணே?"

எத்தனையோ ஞாயிறுகள் காத்திருந்த கேள்வி. வாயைத் திறந்தால் போதும். அவளும் தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, பதில் வாங்காமல் போவதில்லை என்று நின்றாள். ஆனால் அந்த 'அண்ணே' இருக்கிறதே, அது குறுக்கே வந்து வழியை மறித்துக்கொண்டது.

"அது வந்து, நீ பிள்ளைக் காம்பராவுல ஆடாம அசையாம ஒரே எடத்துல உக்காந்திருப்பியா. பாத்து வரைய லேசு."

"வேற ஒண்ணும் இல்லயே?"

"சேச்சே. வேற என்ன?"

"மாதா சத்தியமா?"

"மாதா சத்தியமா."

ஒரு கணக்கு நேரான மாதிரி அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். சாள்ஸ் தலையைத் தேயிலைச் சாக்கில் முட்டிக்கொண்டான். சாக்கு மெத்தென்றிருந்தது, அதுகூட வலிக்கவில்லை.

ஆச்சரியம் அதற்குப் பிறகுதான் நடந்தது. அவன் பீலிக்குப் போனால், குடம் நிறைந்த பிறகும் ஸ்டெபானி அங்கேயே நின்றாள். மாதா கோயில் பூசை முடிந்து வந்தால், பின்னால் கொஞ்சம் தள்ளி வந்தாள். அவன் கோகிலாவிடம் நேரம் கேட்டால், தேயிலைச் செடிக்கு மேலே அந்தச் சுருட்டை முடி தெரிந்தது. பலாங்கொடையில் ஸம்சுதீன் நானா கடைக்குத் தாள் வாங்கப் போனபோது அவரே சொன்னார்.

"தம்பி, கன்னத்துல மச்சம் உள்ள புள்ள ஒண்டு வந்து ஒங்களப் பத்தி விசாரிச்சிச்சி. வளவி, ரிப்பன் ஏதும் வாங்குறாரா, யாருக்கு வாங்குறார் எண்டு கேட்டிச்சி."

"நீங்க என்ன சொன்னீங்க நானா?"

"வெள்ளத் தாளத் தவிர ஒண்டும் வாங்க மாட்டார், நல்ல புள்ள எண்டு சொன்னேன். மொகம் வாடிப் போச்சி பாவம்."

வாடாமல் என்ன செய்யும்? தனக்கு ஒரு ரிப்பன் வாங்க மாட்டானா என்று ஏங்குகிறாள். அண்ணே என்பது வாய்தானே, பின்னால் வருவது காலல்லவா? சாள்ஸ் இப்படிக் கணக்குப் போட்டான். அன்று பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தான், சீட் இருந்தும்.

இனி மிஸ் சாமந்தி துப்பறிய வேண்டாம். துப்பறிவதை விட்டால் ஊரும் ஸ்டெபானியை விட்டுவிடும். அவளுக்கும் தன் மனசு விளங்கும். அடுத்த ஞாயிற்றுத் தாளில் மிஸ் சாமந்தி ஆபீஸைப் பூட்டி, குடையைப் பரணில் வைத்துவிட்டு, மாலையும் கழுத்துமாக நின்றாள். பக்கத்தில் மாப்பிள்ளை. முகத்தை வரையத் தைரியம் வராததால் முதுகை மட்டும் வரைந்தான். அது சாள்ஸின் முதுகு. ஆனால் தன் முதுகைத் தானே பார்த்தவன் உலகத்தில் உண்டா? கொஞ்சம் தாராளமாகவே வரைந்துவிட்டான்.

காலையில் ஒட்டிய தாளைச் சுற்றி மொத்தத் தோட்டமும் நின்று முதுகை ஆராய்ந்தது.

"டிஸ்பென்சர் ஐயாவா?"

"அவருக்கு ஏது தோளு?"

"பாத்தா தெரியலயா? லொறி டிரைவர் கிருஷாந்த்," என்றார் அழகமுத்து கங்காணி. "அந்த அகலத்துக்கு வேற முதுகு இந்தத் தோட்டத்துல இல்ல."

சித்திரக்கதையில் வந்தால் அது நடந்தாக வேண்டும் என்பது இப்போது ஊர் வழக்கமாகிவிட்டது. ஸ்டெபானியின் அப்பா அருளப்பன் மத்தியானமே வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு கிருஷாந்த் வீட்டுக்குப் போனார். அவர்களும் தாளைப் பார்த்திருந்தார்கள். படத்தில் பையன் எடுப்பாக இருப்பதாக அவன் அம்மாவுக்குப் பெருமை. தேத்தண்ணி ஆறுவதற்குள் பேச்சு முடிந்துவிட்டது.

அழகமுத்து கங்காணிதான் சாள்ஸைத் தேடி வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஒரு குடும்பத்த வாழ வச்சுட்ட தம்பி. அப்புடியே என் குழியப் பத்தியும் நல்லதா ரெண்டு வரி."

சாள்ஸ் கையை உருவிக்கொண்டு ஓடினான். சொல்லிவிட வேண்டியதுதான். இன்றைக்கு, இப்போதே. அவளுக்குத் தன்மேல் ஆசை. அவள் கால்களே சாட்சி. அம்மா போய் ஒரு வார்த்தை கேட்டால் கிருஷாந்தின் முதுகு என்ன ஆகும்? இன்னும் நேரம் இருக்கிறது.

மரியாயி அப்போதுதான் எங்கேயோ போய்விட்டு வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"கழட்டாதீங்கம்மா. இப்பவே அருளப்பன் மாமா வூட்டுக்குப் போங்க. ஸ்டெபானிகிட்ட..."

"அங்கருந்துதான்டா வாறேன்."

சொல்லாமலே போயிருக்கிறாள். தாயறியாத சூல் உண்டா என்று சும்மாவா சொன்னார்கள்?

"என்ன சொன்னா?"

"இன்னும் முடிவா ஒண்ணும் சொல்ல முடியலங்கிறா. நானும் ஞாயித்துக்கு ஞாயிறு போய்க் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"ஞாயித்துக்கு ஞாயிறா? எங்கிட்டச் சொல்லவே இல்லயே."

"ஒங்கிட்டச் சொன்னா துப்பு எப்புடிக் கெடைக்கும்?" என்றாள் மரியாயி. "நீ எந்தக் கொமரு மேல ஆசப்படுறேன்னு வாயத் தொறக்க மாட்டேங்கிற. முனியாண்டி சேவலயே கண்டுபிடிச்ச புள்ளையாச்சேன்னு அவகிட்டப் போய்ச் சொன்னேன். பாவம், பீலிக்கும் கோயிலுக்கும் பலாங்கொடைக்கும் ஒன் பின்னாலயே அலஞ்சு கால் தேஞ்சு போச்சு அவளுக்கு."

சாள்ஸ் படியில் உட்கார்ந்தான்.

"மொகத்த ஏன்டா அப்புடி வச்சுக்கிற? தன் கல்யாணத்துக்கு முந்தி எப்புடியும் முடிச்சுத் தாறேன்னிருக்கா." மரியாயி அவன் தலையைத் தடவிக்கொடுத்தாள். "தோட்டத்துல உள்ள கொமருகள ஒவ்வொருத்தியா விசாரிச்சுக் கழிச்சுக்கிட்டே வாறா. மொதல்ல கழிச்சது தன்னத்தானாம்."