பேனாவின் நாக்கில் மூன்று கீறல்

இனி இந்த வீட்டில் ஒரு சொட்டு மைகூடச் சிந்தாது என்று நான் சபதம் செய்தபோது, என் இரண்டு கைகளும் முழங்கை வரை நீலமாக இருந்தன. சட்டை நீலம். மேஜை நீலம். மூக்கு நுனியும் நீலம் என்று என் மனைவி சொன்னாள். கண்ணாடியில் போய்ப் பார்க்கத் தைரியமில்லாமல் அப்படியே நம்பிவிட்டேன்.

நான் கடைசல்காரன். பகலெல்லாம் குடைக் கம்பெனியில் கைப்பிடி கடைகிறவன். ஒரு நாளைக்கு நூற்றிருபது கைப்பிடி. அத்தனையும் ஒரே மாதிரி. ஊரில் வெயில் அடித்தால் பிழைப்பை நினைத்துக் கவலைப்படுகிற ஒரே ஆள் நான்தான். பதினோரு வருஷம் இப்படிப் போன பிறகு, ஒரு நாள் கனவில் என் தலையே குடைப்பிடி மாதிரி உருண்டுகொண்டு போயிற்று. விழித்ததும் முடிவு செய்தேன். பேனா செய்யப் போகிறேன்!

அப்போதெல்லாம் கட்டைப் பேனாவை மைக்கூட்டில் முக்கி முக்கித்தான் எழுத வேண்டும். நாலு வார்த்தை, ஒரு முக்கு. நாலு வார்த்தை, ஒரு முக்கு. வயிற்றுக்குள்ளேயே மையை வைத்துக்கொண்டு எழுதும் பேனா அப்போதுதான் வர ஆரம்பித்திருந்தது. வந்ததெல்லாம் இரண்டே ரகம். ஒரு ரகம் எழுதாது. இன்னொரு ரகம் சொல்லாமலே எழுதும், அதுவும் சட்டைப் பையில்.

என் மனைவி தெருவுக்கே மனு எழுதிக் கொடுப்பவள். குழாயில் தண்ணீர் வரவில்லையா, மனு. பக்கத்து வீட்டு நாய் குரைக்கிறதா, மனு. அவள் 'மதிப்பிற்குரிய ஐயா' என்று ஆரம்பித்து 'இப்படிக்குப் பணிவுள்ள' என்று முடிப்பதற்குள் எதிராளிக்கு ஜுரம் கண்டுவிடும். அவள் உட்கார்ந்து எழுதுவது வீட்டில் இருந்த ஒரே மேஜையில். சமையலறை ஜன்னலோரம், நல்ல வெளிச்சம். அந்த மேஜையின் மேல்தான் என் கடைசல் இயந்திரத்தைக் கொண்டுவந்து முடுக்கினேன்.

"ஒரே ஒரு வாரம்," என்றேன்.

அது ஏழு மாதத்துக்கு முந்தைய வாரம். அன்றிலிருந்து அவள் மாவு டின்னின் மேல் பலகை போட்டு மனு எழுதிக்கொண்டிருந்தாள்.

பேனா செய்வது ஒன்றும் பெரிய விஷயமில்லை. குழாய் கடைவேன், மூடி கடைவேன், கண்ணை மூடிக்கொண்டு மரை போடுவேன். எல்லா வம்பும் நாக்கில். நிப்புக்கு அடியில் கறுப்பாக ஒரு சின்னக் கட்டை இருக்கிறதே, அதுதான் நாக்கு. அதில் நீளமாக ஒரு வாய்க்கால் வெட்டினால் உள்ளே இருக்கும் மை அதன் வழியாக நிப்புக்கு வரவேண்டும். சின்னதாக வெட்டினேன். இரண்டு வரியில் நாக்கு வறண்டது. பெரிதாக வெட்டினேன். குபுக்! மூன்றாவது வரியில் குளம்.

ஒரு நாள் மாலை அவள் விளக்கெண்ணெய் டின்னைத் திறந்துகொண்டே கூப்பிட்டாள்.

"என்னங்க, இங்க கொஞ்சம் வந்து பாருங்க."

"நான் ஆராய்ச்சியில இருக்கேன்."

"ஆராய்ச்சி எங்கயும் ஓடிடாது. இதைப் பாருங்க. டின்னுல ஒரு ஓட்டை போட்டா களக் களக்குன்னு துப்புது. எதிர்ப்பக்கம் இன்னொன்னு போட்டேன். இப்ப எவ்வளவு சாதுவா வருது பாருங்க. உள்ள காத்து போனாத்தானே வெளிய எண்ணெய் வரும்?"

"அதுக்கு?"

"உங்க பேனாவுக்கும் அதே கோளாறுதான். வர்ற மையும் போற காத்தும் ஒரே சந்துல முட்டிக்கிட்டா என்ன ஆகும்? வாய்க்கால் அடியில சன்னமா ரெண்டு மூணு கீறல் போட்டு விடுங்க. மை கீறல்ல ஒட்டிக்கிட்டு வரும். மேல இருக்கற இடத்துல காத்து போகும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. "அடியே, இது விஞ்ஞானம். எண்ணெய் டின் இல்ல. நாக்குன்னா ஒரு வழி போதும்."

"அது தெரியுது," என்றாள். "உங்க நாக்குக்கும் ஒரு வழிதான். வெளிய மட்டும்தான் வரும், உள்ள எதுவும் போகாது."

எண்ணெய் டின்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். ஆனால் கீறவில்லை. ஆண்பிள்ளை ரோஷம் என்று ஒன்று இருக்கிறதே!

வியாழக்கிழமை என் நாற்பத்தொன்றாவது பேனாவைப் பக்கத்து வீட்டுத் தபால்காரரிடம் கொடுத்தேன். நாள் முழுக்க பேனாவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெயிலில் நடக்கிறவர். அவர் உடம்புச் சூட்டைத் தாங்கினால் பேனா எதையும் தாங்கும். சாயங்காலம் அவர் வாசலில் வந்து நின்றார். மார்பில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு நீல வட்டம்.

"தம்பி, பதினாலு கடுதாசில விலாசத்தைக் காணோம்."

"ஐயையோ! அப்புறம் என்னண்ணே பண்ணினீங்க?"

"என்னத்தைப் பண்றது? காரணம் நீதானே, எல்லாத்தையும் உன் வீட்டுலயே போட்டுடலாம்னு கொண்டாந்துட்டேன்."

அவர் பேச்சு உள்ளே இருந்த என் மனைவிக்குக் கேட்டுவிட்டது. அவள் சிரித்த சிரிப்பு தெருமுனை வரைக்கும் கேட்டது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"சிரி, நல்லா சிரி! ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு எழுதுபொருள் கடை முதலாளி வர்றாரு. பேனா ஒரு பக்கம் முழுசா எழுதிட்டா நூறு பேனா கேப்பாரு. அப்புறம் குடையும் வேண்டாம், பிடியும் வேண்டாம். பேனா எழுதலைன்னா மேஜையைக் காலி பண்ணிடறேன்."

"எழுதிட்டா?"

"எழுதிட்டா மேஜை ஆயுசுக்கும் எனக்கு!"

"சரி," என்றாள்.

ஒன்பது வருஷக் குடித்தனத்தில் அவள் இவ்வளவு சீக்கிரம் சரி என்று சொன்னதே இல்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை வேலைக்குக் கிளம்பும்போது என் ஜம்பமெல்லாம் வடிந்துவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னேன். "இது நடக்கலைன்னா சாகற வரைக்கும் குடைப்பிடிதான். எனக்குப் பயமா இருக்கும்மா." அவள் மேஜை மேலிருந்த பேனாவை ஒரு தடவை பார்த்தாள். பிறகு, "சாப்பாட்டை மறக்காம எடுத்துட்டுப் போங்க," என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிறு காலை பேனாவில் மை ஊற்றினேன். காகிதத்தில் வைத்து இழுத்தேன். ஓடியது! சின்னதாக எழுதினேன், ஓடியது. பெரிதாக எழுதினேன், ஓடியது. தலைகீழாகப் பிடித்து உதறினேன், கம்மென்று இருந்தது.

"வெள்ளிக்கிழமை நாக்குக்கு ஒரு மெருகு கொடுத்தேன் பாரு, அதான் விஷயம்!" என்று கத்தினேன். "எண்ணெய் டின்னாம், எண்ணெய் டின்னு!"

"அப்பாடா, நல்லதாப் போச்சு," என்றாள் அவள். "எதுக்கும் வேற வேற பேப்பர்ல பாத்துடுங்க. இது வழவழப்பு. இதுல உங்க கையெழுத்தைப் போடுங்க."

பேனா செய்கிறவன் பேனாவைச் சோதிக்க வேறெதை எழுதுவான்? ஒரு சுழி, ஒரு வால், கீழே இரண்டு கோடு. ஜோராக வந்தது.

"இது சொரசொரப்பு. இதுலயும் போடுங்க."

போட்டேன்.

"இது முத்திரைத்தாள். அதிகாரிங்க இதுலதான் எழுதுவாங்க."

அதிலும் போட்டேன். மூன்றிலும் மேல்பாதியை மடித்து வைத்திருந்தாள். மை பட்டுவிடக் கூடாதாம். என்ன முன்ஜாக்கிரதை என்று மெச்சிக்கொண்டேன்.

பதினோரு மணிக்குக் கடை முதலாளி வந்தார். வெள்ளைவெளேரென்று சட்டை. பென்சில், பலப்பம், உறை, பசை என்று தன் கடைச் சரக்கு முழுவதையும் ஒரு பக்கத்துக்கு எழுதினார். எழுத்து நிற்கவில்லை, சொட்டவில்லை. பேனாவைப் பையில் சொருகிக்கொண்டு எங்கள் மாடிப்படியில் இருபது தடவை ஏறி இறங்கினார். மூச்சு வாங்கியதே தவிர சட்டை வெள்ளையாகவே இருந்தது. பிறகு நிப்பைக் கழற்றி, நாக்கைத் துடைத்து, மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"பிரமாதம். வாய்க்காலுக்குள்ள இந்த மூணு கீறல் போட்டிருக்கீங்களே, எப்படித் தோணுச்சு?"

"எந்த மூணு கீறல்?" என்றேன்.

கண்டுபிடித்தவன் கேட்கக்கூடாத கேள்வி அது.

மனைவி எண்ணெய் டின்னோடு வந்தாள். "நேத்து இவர் வேலைக்குப் போனப்புறம் இவரோட சன்ன ரம்பத்தால நான்தாங்க கீறினேன்," என்று டின்னைச் சாய்த்துக் காட்டி, காற்று, மை எல்லாவற்றையும் விளக்கினாள். "ஆனா இவர் கடைஞ்ச நாக்கு மாதிரி வேற யாராலயும் கடைய முடியாது. அதான் கீறல் நூல் பிடிச்ச மாதிரி விழுந்துச்சு."

மூக்கு உடைந்த இடத்தில் கொஞ்சம் களிம்பும் பூசிவிட்டாள்.

"நூறு பேனா எனக்கு வேணும்," என்றார் முதலாளி. "ஆனா முதல்ல காப்புரிமைக்கு எழுதிப் போடுங்க. இல்லாட்டி அடுத்த தெருக்காரன் நாலு கீறல் போட்டு வித்துடுவான்."

"எழுதியாச்சு," என்று என் மனைவி ஒரு தாளைப் பிரித்தாள்.

அது முத்திரைத்தாள். கண்டுபிடித்தவர்: என் மனைவி. சாட்சி: நான். கையெழுத்து கம்பீரமாக நின்றது. பக்கத்திலேயே முதலாளி இரண்டாவது சாட்சியாகப் போட்டார், அதே பேனாவால்.

வழவழப்பைப் பிரித்தேன். 'சமையலறை மேஜையை இன்று மாலைக்குள் மனமுவந்து காலி செய்கிறேன்.' கீழே நான்.

சொரசொரப்பைப் பிரித்தேன். 'தாங்கள் தொடங்கவிருக்கும் பேனாப் பட்டறையில் அடியேனுக்குக் கடைசல் வேலை கொடுத்து ஆதரிக்க வேண்டுகிறேன். இப்படிக்குப் பணிவுள்ள.' கீழே நான்.

"இது அநியாயம்! பேனாவைச் சோதிக்கத்தான் கையெழுத்துப் போட்டேன்!"

"சோதனையில பாஸ் ஆயிடுச்சுல்ல?" என்றாள்.

ஏதாவது ஓரிடத்தில் மை கொட்டி எழுத்து அழிந்திருந்தால் தப்பிக்கலாமே என்று மூன்று தாளையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். ஏழு மாதமாக வீட்டையே நீலமாக்கிய பேனா, இன்றைக்கென்று பார்த்து ஒரு பொட்டுகூடச் சிந்தவில்லை.

மாலைக்குள் தபால்காரரும் நானும் இயந்திரத்தைப் பின்கட்டுக் கொட்டகைக்குத் தூக்கிப்போனோம். வெளிச்சமும் காற்றுமாக, மனசுக்குச் சுகமான இடமாகத்தான் இருந்தது. நாளைக்கே குடைக் கம்பெனியில் கணக்கை முடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தபோது எனக்கு விசிலடிக்கத் தோன்றியது. திரும்பி வந்தால், அவள் மேஜையைத் துடைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"அப்ப எனக்கு வேலை நிச்சயம்தானே?" என்று இளித்தேன்.

அவள் அந்தச் சொரசொரப்புத் தாளை இழுத்து, ஓரத்தில் ஒரு வரி எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினாள்:

'முன் அனுபவம் குடைப்பிடி மட்டுமே என்பதால், மனு பரிசீலனையில் உள்ளது.'