பன்றிக்குச் சேலை கட்டிய கதை

“நான் வர்றதுக்குள்ள செல்லாயியக் கண்டுபுடிச்சிருந்தா, நடந்ததை எங்கிட்டச் சொல்லியிருப்பியாம்மா?”

என் மகள் மித்ரா கேட்ட இந்தக் கேள்விக்கு இரண்டு வருடமாக என்னிடம் பதில் இல்லை. செல்லாயி என்பது ஒரு நீலப் பன்றி. கம்ப்யூட்டர் விளையாட்டில் வாழ்வது. (சிரிக்காதீர்கள். அன்றைக்கு நான் அழுதேன்.)

மித்ராவுக்கு அப்போது எட்டு வயது. அந்த விளையாட்டில் ஜெயிப்பது, தோற்பது கிடையாது. நிலம் கொடுப்பார்கள், வீடு கட்டலாம், பயிர் வைக்கலாம், பிராணி வளர்க்கலாம். ஒவ்வொரு பிராணிக்கும் ஒரு கிறுக்குக் குணம். எதையாவது செய்து பார்த்து அதைக் கண்டுபிடிப்பதுதான் இவள் வேலை. கண்டுபிடித்ததை நோட்டில் எழுதுவாள். ‘கோழி: தண்ணியில தன் முகத்தைப் பார்த்தா மயங்கி விழும்.’ ‘ஆடு: தலையில பூசணிக்காயை மாட்டினா பின்னாடியே நடக்கும்.’ ‘நீலப் பன்றி: மேளம் அடிச்சா தூங்கும்.’

கோடை விடுமுறை முழுக்க வளர்த்த குட்டிதான் செல்லாயி. சனிக்கிழமை நாமக்கல்லிலிருந்து வரப்போகும் என் அண்ணன் மகளிடம் அதைக் காட்ட வேண்டும். வேலியைத் தாண்டினால் காட்டுக்குள் போய்விடும் என்று எச்சரித்து, “நான் இல்லாதப்ப தொடாதம்மா” என்று என்னிடம் சத்தியமும் வாங்கியிருந்தாள்.

வியாழக்கிழமை அவள் பள்ளிக்கூடம் போனதும் தொட்டேன்.

காரணம் கடமையுணர்ச்சி. பிள்ளைகள் என்ன விளையாடுகிறார்கள் என்று பெற்றோர் பார்க்க வேண்டும் என எங்கோ படித்திருந்தேன். (பிள்ளையோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றுதான் அதில் இருந்தது. பிறகுதான் கவனித்தேன்.) திறந்தால், காட்டிலிருந்து ஏழெட்டு நீலப் பன்றிகள் வந்து மித்ராவின் கிழங்குத் தோட்டத்தை மோந்துகொண்டிருந்தன.

கொல்லிமலையில் வாழ்க்கைப்பட்டவளுக்குக் கிழங்கையும் பன்றியையும் சேர்த்துப் பார்த்தால் கை சும்மா இருக்காது. எங்கள் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளிக் காட்டைச் சுற்றி என் பழைய சேலைகள்தான் வேலி. வண்ணத் துணி காற்றில் ஆடினால் ஆள் நிற்கிறது என்று காட்டுப்பன்றி ஒதுங்கிப் போகும். விளையாட்டிலும் துணி இருந்தது. கம்புதான் போதவில்லை. செல்லாயியின் மரவேலியைப் பிரித்துக் கம்பெடுத்து நட்டு, சிவப்பும் மஞ்சளுமாக நான்கு பக்கமும் கட்டினேன்.

பன்றிகள் நின்று பார்த்தன. பிறகு போய் ஊரையே கூட்டிக்கொண்டு வந்தன.

நீலப் பன்றிக்கு வண்ணத் துணி என்றால் உயிராம். மித்ராவின் நோட்டில் ஏறாத குணம் அது. ஆளுக்கொரு துணியை உருவித் தலையில் போட்டுக்கொண்டு, பெண்ணழைப்பு ஊர்வலம் மாதிரி வரிசையாகக் காட்டுக்குள் நடந்தன. கடைசி ஆளாக, மஞ்சள் முக்காட்டோடு செல்லாயி.

மணி இரண்டரை. பள்ளி வேன் நாலேகாலுக்கு வந்துவிடும்.

தோட்டத்திலிருந்த கணவருக்குப் போன் போட்டேன். “ஏனுங்க, பன்னி பூந்து எல்லாம் போச்சுங்க! ஓடியாங்க!”

பத்தே நிமிடத்தில் கையில் தடியோடு வந்து நின்றார். பின்னால் நாய்.

“எங்க புள்ள, பன்னி?”

கம்ப்யூட்டரைக் காட்டினேன்.

“இதுக்கா மெளகுக் கொடியில ஏணிய அப்படியே உட்டுட்டு ஓடியாந்தேன்?”

“அப்பறமாத் திட்டுங்க. புள்ள வந்து கேட்டா நான் என்னங்க சொல்லுவேன்?”

தடியைச் சுவரில் சாத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து நடந்ததைக் கேட்டுக்கொண்டார். “துணிக்குத்தான வந்துச்சு? துணியக் காட்டியே திரும்பக் கூப்புடு.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கினேன். காட்டிலிருந்து மித்ரா கட்டிய வீடு வரைக்கும் அடிக்கு ஒரு துணி போட்டேன். துணி தீர்ந்ததும் அவளுடைய ஆடுகளைக் கத்தரித்துக் கம்பளிக்குச் சாயம் ஏற்றினேன். மூன்று தடவை ஆற்றில் விழுந்தேன். ஒரு கோழியை மயக்கம் போட வைத்தேன். (வேண்டுமென்றே இல்லை.) விடுவதாக மட்டும் இல்லை.

நாலு மணிக்கு வந்தன. நாற்பது பன்றிகள். எல்லாம் மித்ராவின் வீட்டுக்குள், எல்லாம் முக்காட்டோடு. எது செல்லாயி என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

“ஏதாச்சும் ஒண்ணப் புடிச்சுக் கட்டிப்போடு, புள்ளைக்கென்ன தெரியும்?” என்றார் அவர். ஒரு பன்றியைப் பிடிக்கக் கையை நீட்டிவிட்டேன். வேன் ஹாரன் கேட்டது.

“கண்ணு, அம்மா தப்புப் பண்ணிட்டேன் சாமி” என்று உள்ளே வந்தவளிடம் முழுவதையும் சொன்னேன். மித்ரா பையைக்கூடக் கழற்றவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். விளையாட்டிலிருந்த மேளத்தை எடுத்து அடித்தாள். முப்பத்தொன்பது பன்றிகள் பொத்தென்று படுத்துத் தூங்கின. ஒன்று மட்டும் நின்றுகொண்டு திருதிருவென்று முழித்தது.

“இவதான். தெனமும் மேளம் கேட்டுக் கேட்டுப் பழகிருச்சு. உன்னையாட்டத்தான், தூங்கவே தூங்காது.”

கணவர் சிரித்த சிரிப்பில் நாய் எழுந்து வெளியே போய்விட்டது.

அன்று நோட்டில் புதுப் பக்கம் ஒன்று சேர்ந்தது. ‘அம்மா: தனியா விட்டா சேலை கட்டும்.’ அதை எழுதி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்து அந்தக் கேள்வியைக் கேட்டாள். இன்றுவரை, மழை தூறியதும் நான் பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டாலோ, ஒரு நாள் பயணத்துக்கு மூன்று ஸ்வெட்டர் எடுத்து வைத்தாலோ, அப்பாவும் மகளும் ஒரே குரலில், “சேலை கட்ட ஆரம்பிச்சாச்சு!” என்கிறார்கள்.

அந்தப் பக்கத்தில் இன்னொரு வரியும் இருக்கிறது. ‘முன்னாடியே கண்டுபிடிச்சிருந்தா: சொல்லும் / சொல்லாது.’ சரியானதை நான்தான் டிக் அடிக்க வேண்டுமாம். ‘சொல்லும்’ என்று அடிக்கப் போனால், பன்றியை நோக்கி நீண்ட என் கை ஞாபகம் வருகிறது. ‘சொல்லாது’ என்று அடித்தால், இனி நான் சொல்வதை அவள் எப்படி நம்புவாள்? பிள்ளை வளர்ப்பவர்களே, நீங்களாக இருந்தால் எதை அடிப்பீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள். பென்சிலை நோட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறாள்.