யார் வந்தாலும் எடுக்கலாம்

ஒழுங்கானவனை எல்லோரும் மெச்சுவார்கள். வேலையில் வைத்துக்கொள்வது வேறு கதை. இது புரிய எனக்கு ஐம்பது வயதாக வேண்டியிருந்தது.

புதுச்சேரியில் உழவர்கரைப் பக்கம் ஒரு பெரிய கம்பெனி. அதன் இயந்திர உதிரிபாக ஸ்டோர்ஸில் நானும் குமரேசனும். இடது பாதி என் பொறுப்பு, வலது பாதி அவனுடையது. என் பக்கத்தில் ஒவ்வொரு அடுக்குக்கும் எண், ஒவ்வொரு பெட்டிக்கும் நிறம், வாசலில் எது எங்கே என்று காட்டும் சார்ட். (ஞாயிற்றுக்கிழமை போய் ஒட்டினேன். யாரும் கேட்கவில்லை.) குமரேசன் பக்கத்தில் சாக்கு மூட்டை, அதன்மேல் இன்னொரு மூட்டை, அதன்மேல் அவன் சட்டை.

ஒருநாள், ஸ்டோர்ஸுக்கு இனி ஒருவர் போதும் என்றார்கள். அவரவர் பார்க்கும் வேலைக்கு அவரவரே இன்டர்வியூ வர வேண்டுமாம். என் பெண் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள்; வேலை போனால் வீடு தாங்காது. ஆனாலும் நான் கவலைப்பட்டது குமரேசனுக்காகத்தான். ஆறுதலாக பிஸ்கட் வாங்கிக் கொடுத்தேன்.

சென்னையிலிருந்து வந்த மேனேஜர் மேடம் கேட்டார்: "ஒரு மாசம் நீங்க வரலைன்னா ஸ்டோர்ஸ் என்ன ஆகும்?"

"ஒண்ணுமே ஆகாது மேடம்! யார் வந்தாலும் எடுக்கலாம்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். "வேணும்னா சோதிச்சுப் பாருங்க" என்று எழுந்தேவிட்டேன்.

டீ கொண்டுவந்த கேன்டீன் செல்வி அக்காவிடம் மேடம் ஒரு பேரிங்கின் எண்ணைச் சொன்னார். அக்கா சார்ட்டைப் பார்த்தார், உள்ளே போனார், எடுத்து வந்தார். டீ ஆறவில்லை. கைதட்டியது நான்தான்.

"இம்மாம் சுளுவா? இதுக்கா சார் உங்களுக்குச் சம்பளம்?" என்றார் அக்கா.

மேடம் ஏதோ குறித்துக்கொண்டார். (பாராட்டு என்று நினைத்தேன்.)

அடுத்து குமரேசன் பக்கம். அக்கா மூட்டைகளுக்கு நடுவே திகைத்து நின்றார். "இன்னா சார் இது, பெரிய மார்க்கெட்ல மீன் வண்டி கவுந்தாப்ல கெடக்கு!"

குமரேசன் வந்தான். ஒரு மூட்டைக்குள் முழங்கைவரை கையை விட்டு, கேட்ட வால்வை உருவி நீட்டினான். மேடம் அசந்துபோனார்.

"இவர் இல்லைன்னா ஒண்ணும் நடக்காது போலயே!"

"ஆமா மேடம்" என்றான் குமரேசன், அடக்கமாக.

வேலை அவனுக்கு. என் சார்ட் மற்ற கிளைகளுக்கெல்லாம் போகிறது என்று சொல்லி எனக்கு ஒரு பேனா கொடுத்தார்கள். கேட்வரை வந்து வழியனுப்பிய குமரேசன், "உங்க பக்கத்தையும் என்கிட்டயே குடுத்துட்டாங்கண்ணே. மொதல்ல அந்த சார்ட்டைக் கழட்டணும்" என்றான்.

இப்போது ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதுகிறேன். பெண் மாலையில் வேலைக்குப் போய்த்தான் படிப்பை முடித்தாள். அதில் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

என் ஒழுங்கைப் பார்த்துத்தான் வீட்டில் சிரிக்கிறார்கள். சமையலறை டப்பாக்களுக்குப் பெயர் ஒட்ட நான் எழுந்தாலே போதும், என் மனைவி ஆனந்தி கரண்டியோடு குறுக்கே நிற்பாள்: "அதுல கை வச்சீங்க, அவ்ளோதான்! பேரு ஒட்டிட்டா அப்புறம் நான் எதுக்கு?"

எங்கள் வீட்டில் மிளகாய்த்தூள் எந்த டப்பாவில் இருக்கிறது என்பது இன்றுவரை அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவளை யாரும் இன்டர்வியூவுக்குக் கூப்பிட முடியாது.